பட்டனை அழுத்திக்கொண்டே அளப்பது

வீட்டு கேட்டில் மாட்டியிருக்கும் மின்பூட்டு திறக்க மறுத்தால் நம் ஊரில் முதலில் காதில் விழும் வாக்கியம், "பூட்டு போயிடுச்சுங்க, புதுசு போட்டுடலாம்." சொல்கிறவர் பெரும்பாலும் நேர்மையானவர்தான். பட்டனை இரண்டு முறை அழுத்திப் பார்த்திருப்பார். பூட்டின் மேல்மூடியைத் தட்டிப் பார்த்திருப்பார். கேட்டுக்கு வரும் இரண்டு வயர்களையும் கழற்றி, மீட்டரை வைத்து, 12 வோல்ட் வருவதையும் பார்த்திருப்பார். கரண்ட் வருகிறது, பூட்டு அசையவில்லை. அப்படியானால் பூட்டுதான் கெட்டிருக்க வேண்டும். இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருப்பதாக யாருக்கும் தோன்றாது. வீட்டுக்காரர் தலையாட்டுவார், சில ஆயிரம் ரூபாய்க்குப் புதுப் பூட்டு வரும், கொஞ்ச நாள் திறக்கும், பிறகு அதுவும் அடம்பிடிக்கும். "இப்ப வர்ற சாமானே இப்படித்தான்" என்ற இரண்டாவது வாக்கியம் அப்போது பிறக்கும். கழற்றிய பூட்டு பழைய இரும்புக் கடையில் எடைக்கு விழும். குறை அந்தப் பூட்டில் இருந்ததா என்று கடைசிவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பழுதைத் தேடுவது தனியொரு வேலை, அதற்கென்று நேரமும் கருவியும் கூலியும் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ளாத வரை நல்ல பூட்டுகள் இப்படி எடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும் என்பது என் எண்ணம். அதை இந்த ஒரு பூட்டை வைத்தே சொல்லிப் பார்க்கலாம்.

நம் பேச்சிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. "டிவி ரிப்பேர்" என்றால் டிவி கெட்டுவிட்டது என்று பொருள். "டிவியை ரிப்பேர் பண்ணணும்" என்றால் சரிசெய்ய வேண்டும் என்று பொருள். கெடுவதற்கும் சரியாவதற்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் ஒரு கரையில் மட்டும் இருந்த சொல், தமிழுக்கு வந்ததும் இரு கரையிலும் காலூன்றிக்கொண்டது. இடையில் ஓடுகிற ஆற்றுக்கு, அதாவது என்ன கெட்டது, எங்கே கெட்டது என்று தேடுகிற வேலைக்கு, புழக்கத்தில் ஒரு பெயர் அமையவில்லை. "என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். நாடி பார்ப்பதும் சாதகம் பார்ப்பதும் இதே வினைச்சொல்தான். அங்கெல்லாம் பார்ப்பதற்கே தட்சிணை உண்டு. எலக்ட்ரீஷியன் பார்த்தால் மட்டும் "சும்மா பார்த்ததுக்கா காசு?" என்று கேட்கிறோம். அரைமணி நேரம் தேடி, துருவேறிய ஒரு ஜாயிண்டை அவிழ்த்துச் சுரண்டி, மறுபடி முறுக்கிக் கொடுத்தவர் இருநூறு ரூபாய் கேட்கத் தயங்குகிறார். பூட்டையே மாற்றியவர் பூட்டு விலையோடு கூலியையும் தயங்காமல் வாங்கிக்கொள்கிறார். இதில் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதற்குக் காசு கிடைக்கும் என்பதை நாம்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

பூட்டின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். இரும்பு கேட்டுகளில் அதிகம் காணப்படும் பெட்டி வடிவ மின்பூட்டில், மின்சாரம் நாக்கைப் பிடித்து இழுப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். பல பூட்டுகளில் அப்படி நடப்பதில்லை. கேட்டை இழுத்துச் சாத்தும்போது பூட்டின் ஓரத்தில் துருத்தி நிற்கும் ஒரு சிறு குமிழ் உள்ளே அழுந்துகிறது. அந்த அழுத்தத்தில் உள்ளிருக்கும் ஸ்பிரிங் முறுக்கேறி, ஒரு சின்னக் கொக்கியில் மாட்டி நிற்கிறது. வீட்டுக்குள்ளிருந்து பட்டனை அழுத்தினால் காயில் காந்தமாகி அந்தக் கொக்கியை மட்டும் தட்டிவிடுகிறது. நாக்கை உள்ளே வாங்குவது ஸ்பிரிங். ஆக, கேட்டைத் திறக்கும் விசையைக் கொடுத்தவர் கடைசியாகக் கேட்டைச் சாத்தியவர்தான். மின்சாரம் அனுமதி மட்டும் தருகிறது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் புகார்களுக்கு வேறு முகம் வந்துவிடும். கீல் தேய்ந்து கேட் தொங்கிப்போய், குமிழ் முழுதாக அழுந்தாவிட்டால், காயில் எத்தனை முறை "டக்" என்றாலும் நாக்கு நகராது. விடுவிப்பதற்கு உள்ளே எதுவும் முறுக்கேறி நிற்கவில்லை. இந்த இடத்தில் புதுப் பூட்டு வாங்குவது, பல் வலிக்குக் கண்ணாடி மாற்றுவதுபோல. வேண்டியது ஒரு வெல்டர்.

இனி அந்த 12 வோல்ட்டுக்கு வருவோம். மீட்டர் பொய் சொல்லவில்லை, ஆனால் அதனிடம் நாம் கேட்ட கேள்வி வேறு. மல்டிமீட்டர் தான் அளக்கும் வயரிலிருந்து ஏறக்குறைய எதையும் எடுத்துக்கொள்வதில்லை. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் அளவில் இருக்கும். 12 வோல்ட்டில் அது இழுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியரைச் சற்றே தாண்டும். பூட்டோ ஒரு ஆம்பியர் கேட்கிறது, அதாவது கிட்டத்தட்ட பத்து லட்சம் மடங்கு. வழியில் ஒரு ஜாயிண்ட் அரித்துப்போய் 1000 ஓம் தடையாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் அப்போதும் 12 வோல்ட் என்றே காட்டும். அது எடுக்கும் துளிக்கு அந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை. பூட்டை மாட்டிப் பட்டனை அழுத்தினால் 12 மில்லி ஆம்பியர்கூடப் போய்ச்சேராது. தெருக்குழாயில் ஒரு சொட்டு விழுவதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வருகிறது என்று குடத்தை வைப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. எனவே அளக்க வேண்டிய தருணம் ஒன்றுதான். வயர்களைக் கழற்றாமல், பூட்டு மாட்டியபடியே இருக்க, வீட்டுக்குள்ளே ஒருவர் பட்டனை அழுத்திக்கொண்டு நிற்க, அந்த இரண்டு மூன்று நொடிக்குள் கேட்டருகே மீட்டரைப் படிக்க வேண்டும். பூட்டைக் கழற்றி அளந்தபோது 12, பூட்டோடு அழுத்தும்போது 7 என்று காட்டினால் பூட்டு பெரும்பாலும் நிரபராதி. கோளாறு பின்னால் எங்கோ இருக்கிறது. (எலக்ட்ரீஷியன் சட்டைப்பையில் இருக்கும் டெஸ்டர் இதற்கு உதவாது, அதிலிருக்கும் நியான் விளக்கு எரிய அறுபது வோல்ட்டுக்கு மேலாவது வேண்டும். 230 வோல்ட் உலகத்துக்காகச் செய்த கருவி அது.)

அந்த இழப்பைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வீட்டு ஹாலிலிருந்து கேட் வரை 30 மீட்டர் என்று கொள்வோம். போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர் செம்பு. வீடியோ டோர்போனுக்கு இழுத்த மெல்லிய வயரிலேயே பூட்டுக்கும் இரண்டு இழைகளை ஒதுக்கிவிடுவது வழக்கம். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்பு இழை 60 மீட்டருக்கு ஏறக்குறைய 5 ஓம் தடை தரும். 12 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் எடுக்கும் காயிலின் தடை 12 ஓம். இரண்டும் சேர்ந்து 17. ஓடுவது 0.7 ஆம்பியர், பூட்டுக்குக் கிடைப்பது எட்டரை வோல்ட். இது முப்பது சதவீதக் குறைவு என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் காந்தத்தின் இழுவிசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.7-இன் வர்க்கம் 0.49. பூட்டின் கைக்குப் பாதி பலம்தான் மிஞ்சுகிறது. அதே 30 மீட்டருக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்திருந்தால் தடை முக்கால் ஓமுக்குள் அடங்கி, பூட்டுக்கு 11.3 வோல்ட் கிடைத்திருக்கும். புதிதாக மாட்டிய பூட்டு சில வாரம் ஒழுங்காகத் திறந்ததற்கும் இதுவே காரணம். கொக்கியில் புது கிரீஸ் இருந்தது, தூசி ஏறவில்லை, பாதி பலமே அதற்குப் போதுமாக இருந்தது. புதுப் பூட்டு வேலை செய்ததைப் பழைய பூட்டு கெட்டிருந்ததற்குச் சான்றாக எடுத்துக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் நாம் செய்யும் மிகப் பெரிய தவறு.

நீளமான வயர் விசையைக் குறைக்கிறது என்பதை முதன்முதலில் ஒழுங்காக அளந்து விதியாக்கியவர் ஜார்ஜ் சைமன் ஓம். 1789-இல், இன்றைய ஜெர்மனியிலுள்ள எர்லாங்கன் நகரில் பிறந்த அவர் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். தந்தை ஜோஹன் வொல்ஃப்காங் ஓம் பள்ளிப் படிப்பால் வந்தவரல்லர். தானாகவே கணிதம் கற்று, அதை மகன்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். பூட்டுப் பட்டறையிலிருந்து வந்தவரின் விதிதான் இருநூறு ஆண்டு கழித்து நம் கேட்டின் பூட்டு ஏன் திறக்கவில்லை என்பதற்கு விடை சொல்கிறது என்பது எனக்கு ஆழ்ந்த மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் இங்கே எனக்கு வேண்டியது அவருடைய வெற்றியைவிட அதற்கு முந்தைய தவறுதான். 1825-இல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரை, வயரின் நீளம் கூடக்கூட மின்னோட்டத்தின் விளைவு எப்படிக் குறைகிறது என்று ஆராய்ந்தது. அதில் அவர் தந்த சூத்திரம் தவறு. காரணம், அவர் பயன்படுத்திய வோல்ட்டா வகை மின்கலம் மின்னோட்டம் எடுக்க எடுக்கத் தானே தளர்ந்துபோனது. வயரின் குறையும் மூலத்தின் குறையும் ஒன்றோடொன்று கலந்து ஒரே எண்ணாக அவர் கண்முன் வந்தன. ஆய்விதழ் ஆசிரியரான பொக்கெண்டார்ஃப், வெப்பத்தால் மின்சாரம் தரும் இரட்டை உலோக இணையைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தபோது, தளராத மூலம் ஒன்று ஓமுக்குக் கிடைத்தது. 1826-இல் சரியான விதி வந்தது, 1827-இல் புத்தகமானது. அதற்கு லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைக்க 1841 ஆனது. ஓம் புதிதாக எந்தப் பொருளையும் கண்டுபிடித்துவிடவில்லை. எந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று இரண்டைப் பிரித்துக் காட்டினார். அடாப்டர் தளர்கிறதா, வயர் விழுங்குகிறதா, காயில் சோர்ந்ததா என்று கேட்டருகே நின்று பிரிக்கிற எலக்ட்ரீஷியன் செய்வதும் அதே வகைச் செயல் என்று சொன்னால் அதில் மிகையில்லை.

அப்படிப் பிரிக்க வழியும் இருக்கிறது. முதலில் பூட்டைக் குற்றத்திலிருந்து விடுவிக்க வேண்டும் அல்லது உறுதிப்படுத்த வேண்டும். யூபிஎஸ்ஸில் இருக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரி ஒன்றைக் கேட்டருகே கொண்டுபோய், பூட்டின் வயர் முனைகளில் நேரடியாக ஒரு நொடி தொட்டால் போதும். நாக்கு சட்டென்று உள்ளே போனால் பூட்டைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்தது. இரண்டு நிமிடச் சோதனை. இதைச் செய்யாமல் எந்தப் பூட்டையும் கழற்றக் கூடாது என்பேன். அடுத்தது வழியைப் பாதியில் பிரித்துப் பார்ப்பது. அடாப்டரிலிருந்து பூட்டு வரை பதினாறு இணைப்புகள் இருந்தால், ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை. நடுவிலுள்ள ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, பட்டனை அழுத்தச் சொல்லி அளந்தால், குறை முன்பாதியிலா பின்பாதியிலா என்று தெரிந்துவிடும். அடுத்து அந்தப் பாதியின் பாதி. பதினாறுக்கு நான்கு அளவீடு. பெரும்பாலும் நாம் போய்ச்சேரும் இடம் காம்பவுண்டுச் சுவரோரம் தரைமட்டத்தில் புதைத்த பெட்டி ஒன்றாக இருக்கும். வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பைப்புக்குள் இறங்கிய தண்ணீர் அங்கேதான் தேங்கும். டேப்பைப் பிரித்தால் பசை குழகுழத்து, செம்பு பச்சையாகிக் கிடக்கும். வேலைசெய்கிறவர்கள் "பச்சை பூத்திருச்சு" என்பார்கள்; பழைய தமிழில் இதற்குக் களிம்பு என்று பெயர். சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமையாக எடுத்துக்கொண்டது செம்பின் இந்தக் களிம்பைத்தான்: இடையில் வந்து ஒட்டியதல்ல, செம்போடு கூடவே பிறந்தது என்ற பொருளில். செம்பின் இயல்பை நன்றாகக் கவனித்தவர்களால்தான் அப்படி ஓர் உவமையைச் சொல்லியிருக்க முடியும். காற்றும் ஈரமும் கிடைத்தால் செம்பு களிம்பேறியே தீரும். அதனால் ஜாயிண்டை ஈரம் தொடாமல் சாலிடர் வைத்து மூடுவதும், பெட்டியைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்துவதும் வேலையைச் செய்தவரின் பொறுப்பாகிறது.

இதெல்லாம் மீட்டர் வைத்திருப்பவருக்கு, வீட்டில் இருப்பவர் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். வீட்டில் இருப்பவரிடம் இருப்பது மீட்டரைவிட அரிது: எப்போது திறக்கிறது, எப்போது திறக்கவில்லை என்ற ஞாபகம். "காலையில நல்லாத்தான் திறக்குது, மத்தியானம்தான் மக்கர் பண்ணுது" என்று ஒரு பாட்டி சொன்னால், பலர் அதைக் கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பௌதிகப் பாடம் இருக்கிறது. எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். மூன்று மீட்டர் அகலக் கேட், விடியற்காலை 25 டிகிரியிலிருந்து வெயிலில் 60 டிகிரிக்குச் சூடேறினால், ஒன்றே கால் மில்லிமீட்டர் விரியும். பூட்டின் நாக்குக்கும் எதிரே உள்ள கொண்டிக்கும் விட்டிருந்த இடைவெளி அதற்குள் அடங்கினால், நாக்கு கொண்டியை அழுத்திக்கொண்டு நிற்கும். ஸ்பிரிங்கால் அதை உருவ முடியாது. அதே வெயிலில் காயிலின் செம்பும் சூடாகிறது. செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீத அளவில் கூடும். 30 டிகிரி ஏறினால் 12 சதவீதம். மின்னோட்டம் அந்த அளவுக்குக் குறைய, இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மத்தியானத்தில் சுமை கூடுகிறது, பலம் குறைகிறது. பாட்டி சொன்னது உண்மை. மழை பெய்த மறுநாள் மட்டும் திறக்கவில்லை என்றால் ஜாயிண்ட். கரண்ட் போய் வந்த பிறகு என்றால் அடாப்டர் அல்லது பேட்டரி. கேட்டைக் காலால் உதைத்துப் பிடித்தால் திறக்கிறது என்றால் கீல். காதுக்கும் வேலை உண்டு. பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் மின்சாரம் வந்துசேரவில்லை. மெலிதாக ஒரு "டிக்" என்றால் வருகிறது, போதவில்லை. கணீரென்று "டக்" விழுந்தும் கேட் நகரவில்லை என்றால் குறை இரும்பில். விட்டு விட்டு வரும் கோளாறைப் பாதியில் பிரித்து அளக்கும் முறைகூடப் பிடிக்காது, அளக்கும் நேரத்தில் எல்லாம் சரியாக இருக்குமே. அங்கே இந்த ஞாபகம் ஒன்றுதான் துணை.

ஏன் இந்தத் தேடல் யார் கைக்கும் வருவதில்லை? கேட்டை அடித்தவர் வெல்டர். பைப்பைப் புதைத்தவர் கொத்தனாரோ அவருடைய ஆளோ. வயர் இழுத்தவர் வீட்டு எலக்ட்ரீஷியன். பூட்டையும் டோர்போனையும் மாட்டியவர் கேமரா மாட்ட வந்தவர். நாலு பேரும் தத்தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருப்பார்கள். கோளாறு அவர்களுடைய வேலைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கேட் தொங்கியதால் குமிழ் அழுந்தவில்லை. பைப் தாழ்ந்ததால் ஜாயிண்ட் நனைந்தது. ஹாலுக்கு ஏற்ற வயர் கேட்டுக்குப் போதவில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைச் செய்பவரை எண்ணிப் பார்க்கலாம். மாங்காய்ப் பூட்டின் உடலும் நாக்கும் லீவரும் சாவியும் ஒரே பட்டறையில், கைவேலையாக ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ராவி எடுக்கப்படுகின்றன. அது திறக்கவில்லை என்றால் யாரிடம் போவது என்பதில் குழப்பம் கிடையாது. அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாலு தொழில் கூடித்தான் இன்றைய கேட் நிற்கும். நாலு தொழிலின் எல்லைகளையும் நடந்து பார்க்க ஐந்தாவதாக ஒரு வேலை தேவைப்படுகிறது, அதை யாரும் ஏற்கவில்லை என்பதே குறை. எல்லோரும் கைகாட்டும்போது நடுவில் நிற்பது பூட்டு. எளிதில் கழற்றி மாற்றத் தக்கதும் அதுதான். தண்டனை அதன்மேல் விழுகிறது.

தேடாமல் செய்யும் வைத்தியம் வெறும் செலவோடு நிற்பதில்லை, இல்லாத பழுதை உண்டாக்கவும் செய்கிறது. பூட்டு பலவீனமாக அடிக்கிறது என்று அடாப்டரை 12-இலிருந்து 18 வோல்ட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். உடனே கணீரென்று திறக்கும், எல்லோருக்கும் நிம்மதி. மழை முடிந்து ஜாயிண்ட் காய்ந்ததும், அல்லது யாரோ அதைச் சரிசெய்ததும், அந்த 18 வோல்ட்டின் பெரும்பகுதி காயிலுக்கே போய்ச்சேரும். வெப்பம் வோல்ட்டேஜின் வர்க்கத்தில் ஏறுவது. ஒன்றரை மடங்கு வோல்ட்டேஜுக்கு இரண்டேகால் மடங்கு சூடு. ஓரிரு நொடி அழுத்துவதற்கென்று சுற்றிய காயில் அது. ஒரு குழந்தை பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் வார்னிஷ் கருகும் வாடை வரும். இப்போது பூட்டு மெய்யாகவே போய்விட்டது, முதலில் சொன்ன பொய்யும் உண்மையாகிவிட்டது. இன்னொன்று, அவ்வளவாகக் கண்ணில் படாதது. காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும்போது அது தன் காந்தப்புலத்தைச் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை. அந்த நொடியில் நூற்றுக்கணக்கான வோல்ட் எதிர்த்திசையில் பாயும். தன்தூண்டல் என்று நாம் பாடத்தில் படித்த இதை அமெரிக்க அறிஞர் ஜோசஃப் ஹென்றி 1832-இலேயே எழுதிவிட்டார். டோர்போனுக்குள் இருக்கும் சிறிய ரிலேயின் முனைகளை இந்தப் பொறி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. டிசி பூட்டானால், அதன் இரு முனைகளுக்குக் குறுக்கே சில ரூபாய் விலையுள்ள 1என்4007 டையோடு ஒன்றைச் சரியான திசையில் வைத்தால் இது அடங்கிவிடும். வைக்காத வீட்டில் சில ஆண்டுகளில் ரிலே ஒட்டாமல் போகும், பட்டன் வேலை செய்யாது, அப்போதும் பழி பூட்டுக்கே.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பூட்டு மலிந்துவிட்டது, மனித நேரம் விலையேறிவிட்டது. இரண்டு மணி நேரம் தேடுவதைவிட மாற்றிவிடுவதுதான் சிக்கனம் என்பார்கள். தேடலுக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்றால் இது சரியான கணக்கு. ஆனால் மேலே சொன்ன பேட்டரிச் சோதனைக்கு இரண்டு நிமிடம், அழுத்தியபடி அளப்பதற்கு ஐந்து நிமிடம், பாதியில் பிரிப்பதற்கு அரைமணி. தெரிந்தவர் கையில் பழுதறிதல் சீக்கிரம் முடியும். தெரியாதவர் கையில்தான் அது நாள்கணக்காகிறது. தெரிந்தவர்கள் ஏன் குறைகிறார்கள் என்றால், அந்தத் தெரிதலுக்கு நாம் கூலி வைக்கவில்லை. மலிவு என்று மாற்றப்போக, மாற்றுவது மட்டுமே தெரிந்தவர்கள் பெருக, அதனால் மாற்றுவதே மலிவாகிறது. இந்த வட்டத்தைக் காட்டி மாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்று நிறுவ முடியாது. மேலும் கோளாறு ஜாயிண்டில் இருந்தால் இரண்டாவது பூட்டும் மூன்றாவது பூட்டும் சேர்த்தே கணக்கெழுத வேண்டும்.

பழுதுபார்க்கும் உரிமை பற்றிய பேச்சு இப்போது வலுத்திருக்கிறதே, அது இதைத் தீர்த்துவிடாதா என்று கேட்கலாம். இந்திய அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் இதற்கொரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டமே செய்தது. இவையெல்லாம் வரவேற்க வேண்டியவை. உதிரிபாகமும் கையேடும் கிடைக்காமல் எந்த மெக்கானிக்கும் எதுவும் செய்ய முடியாது. ஆனாலும் அவை பொருளின் எல்லைக்குள் நிற்கும் உரிமைகள். நம் கேட்டின் கோளாறு பெரும்பாலும் எந்தப் பொருளுக்குள்ளும் இல்லை. இரண்டு பொருளுக்கு இடையே, பச்சை பூத்த ஒரு முறுக்கில் இருக்கிறது. அதற்கு உற்பத்தியாளர் கையேடு போட முடியாது. இன்னும் சிலர், எதற்கு இந்தத் தொல்லை, பழைய நாதாங்கியே போதுமே என்பார்கள். மாடியில் மூட்டுவலியோடு தனியாக இருக்கும் ஒருவருக்கு, பால்காரருக்கும் மருந்து கொண்டுவருகிறவருக்கும் கேட்டைத் திறக்க ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு படி இறங்கி ஏறுவது என்றால் என்ன என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவருக்கு இந்தப் பட்டன் ஆடம்பரம் கிடையாது. அதனாலேயே, இந்த வகைப் பூட்டு கரண்ட் இல்லாதபோது பூட்டியபடியே நிற்கும் என்பதையும், அன்று கைகொடுக்க வேண்டிய சாவித்துளை மாதக்கணக்கில் யாரும் தொடாமல் இறுகிக் கிடக்கும் என்பதையும் பழுது பார்க்க வருகிறவர் கவனிக்க வேண்டும். எண்ணெய் விட்டால் தூசி பிடிக்கும், கொஞ்சம் கிராஃபைட் தூள் போதும்.

நான் கேட்பது சிறிய மாற்றம். எலக்ட்ரீஷியன் தரும் பில்லில் பூட்டு, வயர், கூலி என்ற வரிகளுக்கு மேலே "கோளாறு பார்த்தது" என்று ஒரு வரி இருக்கட்டும், எதையும் மாற்றாமல் போனாலும் அதற்குக் காசு உண்டு என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லட்டும். அளந்ததை அவர் வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், ஜங்ஷன் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிவைக்கட்டும். நாலு வரி போதும்: தேதி, பட்டனை அழுத்தும்போது அடாப்டரில் 12.1, இந்தப் பெட்டியில் 11.7, பூட்டில் 11.2. அடுத்த கார்த்திகையில் பூட்டு மறுபடி அடம்பிடிக்கும்போது வருகிறவர் வேறு ஒருவராக இருக்கலாம். அவர் மூடியைத் திருப்பிப் படிப்பார், உள்ளே இருக்கிறவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுவார், பெட்டியில் 11.6 இருக்கிறதே, பூட்டில் ஏன் 8 என்று கேட்டபடி கேட் தூணை நோக்கி நடப்பார்.